கேட்போரும் களனும்: புனிற்றுக் காலத் தாயின் கூற்று – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துரைக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்பட்டவை. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எவ்விடத்தில் சொல்கிறார் என்னும் மூன்றும் சேர்ந்தே ஒரு பாடலின் பொருளை முடிவு செய்கின்றன என்பது இவ்வைப்பின் கருத்து. அகப்பாடல் ஆய்வுகளில் கூற்று விரிவாகப் பேசப்பட்ட அளவிற்குக் கேட்போர் பேசப்படவில்லை. கேட்போர் என்னும் உறுப்பை முதன்மைப்படுத்தி, குழந்தை ஈன்ற அணிமையில் உள்ள தாயின் குரல் தமிழ்க் கவிதை மரபில் எங்ஙனம் இடம்பெறுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கான தேவை அண்மைக்கால நிகழ்வொன்றிலிருந்து எழுவது. கொரோனா தொற்று 2020 மார்ச் 11 அன்று உலகப் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் பலர், தாயும் உடன்பிறந்தாளும் அருகில் இன்றிப் பேறுகாலத்தைக் கழிக்க நேர்ந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று மருத்துவர் குறிக்கும் நிலை பற்றிய கவலை அப்போது உலகெங்கும் பெருகியது. எனினும் இந்நோய் பெருந்தொற்றால் புதிதாக வந்ததன்று. குழந்தை பெற்ற பெண்களுள் உலக அளவில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும் மனநலக் குறைபாட்டிற்கு, பெரும்பாலும் மனச்சோர்விற்கு, ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. இந்திய ஆய்வுகள் பலவற்றை ஒருசேரத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பீடு இதனை 22 விழுக்காடு எனக் காட்டியது. ஐவருள் ஒருவரைப் பற்றும் துயரம் இலக்கியத்தில் எவ்வாறு பேசப்பட்டது, எவ்வாறு பேசப்படாமல் போனது என்பது இலக்கிய ஆய்வாளர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

புனிறு: காக்கப்பட்ட உடல்

ஈன்ற அணிமையைக் குறிக்கப் பழந்தமிழில் ‘புனிறு’ என்னும் தனிச்சொல் இருந்தது. தொல்காப்பிய உரியியல் இதற்குப் பொருள் கூறுகிறது. கன்றீன்ற பசுவுக்கும் மகவீன்ற மகளிர்க்கும் பொதுவாக இச்சொல் வழங்கியதைச் சங்கப் பாடல்களில் காணலாம். பேற்றிற்குப் பிந்தைய நாள்களைப் பிற நாள்களினின்று வேறுபட்ட ஒரு காலமாகவே அம்மரபு கருதியது என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று.

அக்காலத்தின் அகவாழ்வை விரிவாகக் காட்டும் பாடல் நற்றிணை 40ஆம் பாடலாகும். மருதத்திணை சார்ந்த இப்பாடலில் காவலையுடைய மனையில் நீண்ட நாவினையுடைய மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர். ஒருபுறம் மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். மெத்தென்ற துணிப்படுக்கையில் செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகாகிய ஐயவி அணிந்து, நெய்யாடிய உடம்பினளாகத் தாய் இமை மூடிக் கிடக்கிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல உள்ளே வருகிறான்.

இப்பாடல் பெரும்பாலும் தலைவனின் பரத்தைமை ஒழுக்கத்திற்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. புனிற்றுக் காலத் தாயை நடுவில் வைத்து வாசிப்பின் வேறு சில செய்திகள் புலனாகும். முதலாவது, குழந்தை தாயின் பக்கலில் இல்லை. செவிலியின் பக்கலில் உறங்குகிறது. அதனால் தாய்க்கு உறக்கம் வாய்க்கிறது. உறக்கமின்மை இம்மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பது இன்றைய மருத்துவ அறிவு. அவ்வறிவு பழந்தமிழர்க்கு இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. தாயின் உறக்கத்திற்கு இடந்தரும் ஒரு மனையமைப்பு பாடலில் உள்ளது என்ற அளவில் கூறுதல் தகும். இரண்டாவது, மனை ஆள்களால் நிறைந்திருக்கிறது. பாணர், மகளிர், செவிலி எனப் பலர் அவளைச் சூழ உள்ளனர்.

மூன்றாவது செய்தி புறநானூறு 281ஆம் பாடலோடு ஒப்பிடும்போது தெளிவாகிறது. போரில் புண்பட்ட தலைவனைக் காக்கும் மகளிர் அங்கும் ஐயவி சிதறுகின்றனர், மணி ஒலிக்கின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர். புண்பட்ட மறவனுக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே காப்புமுறை அமைகிறது. ஈன்ற உடலைப் புண்பட்ட உடலாகவே அச்சமூகம் கண்டது எனக் கொள்ள இவ்வொப்புமை இடந்தருகிறது. ‘பச்சைப் புண்’, ‘பச்சை உடம்பு’ என்று மக்கள் வழக்கில் இன்றும் ஒரே அடை இரண்டிற்கும் வழங்குவது இங்கு எண்ணத்தக்கது.

இவ்விரு நிலைகளுக்கும் இலக்கணம் தந்த இடம் ஒன்றாக இல்லை. புண்பட்டோனை மனைவி பேய் அணுகாமல் காப்பதற்குத் தொடாக்காஞ்சி எனப் புறத்திணையியல் ஒரு துறை வகுக்கிறது. ஈன்ற பெண்ணைக் காத்தற்கு அத்தகைய தனித்துறை இல்லை. கற்பியலில் மகவு பயந்த புனிறு தீரும் பொழுதையும் நெய்யணிந்த நிலையையும் வெளிப்படச் சுட்டும் தொடர், தலைவன் கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் நூற்பாவில் வருகிறது. தலைவி கூற்றில் புதல்வன் வருமிடம் பெரும்பாலும் ஊடலைச் சார்ந்தது. நற்றிணை 40இன் கூற்றோ பரத்தைக்கு உரியது என்கிறது துறைக்குறிப்பு. ஆக, பேற்றை நேரில் உற்றவள் கண்மூடிக் கிடக்க, அவளைப் பற்றி அவள் அல்லாத பிறர் பேசுகின்றனர்.

ஐங்குறுநூற்று முல்லையில் செவிலி கூற்றுப் பத்தும் இவ்வகையினதே. தலைவனும் தலைவியும் புதல்வனும் ஒருங்கு துயிலும் காட்சி, மானும் பிணையும் இடையில் மறியுமாகக் கிடப்பதற்கு உவமிக்கப்படுகிறது. இக்காட்சியைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவள் செவிலி. மகள் நன்றாக இருக்கிறாள் என்று பிறந்த வீட்டிற்குச் சொல்லப்படும் செய்தி அது. அச்செய்தியில் மகிழ்ச்சிக்கு மட்டுமே இடம் இருத்தல் இயல்பு. தலைவியே பேசியிருப்பின் என்ன சொல்லியிருப்பாள் என்பது அப்பத்தில் கேட்கப்படாத வினா.

பிள்ளைத்தமிழின் தொடக்க எல்லை

குழந்தையைப் பாடுபொருளாகக் கொண்டு பத்துப் பருவங்களில் விரியும் பிள்ளைத்தமிழ், தாய்மையுணர்வின் இலக்கியமாகப் போற்றப்படுவது. பாட்டியல் நூல்களிடையே கால வரையறையில் வேறுபாடு உண்டு. எனினும் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பாடுவது என்பது பரவலாக எடுத்தாளப்படும் வரையறை. காப்புப் பருவம் தொடங்கும் மூன்றாம் திங்களுக்கு முன்னைய நாள்களே புனிற்றுக் காலம். மனச்சோர்வு பெரும்பாலும் தலைகாட்டும் முதல் வாரங்கள் இவ்விலக்கிய வகையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அதற்குப் பின்னரும் பாட்டின் நோக்கு குழந்தையின் மீதே நிலைக்கிறது. செங்கீரை ஆடுவதும் சப்பாணி கொட்டுவதும் முத்தம் தருவதும் குழந்தையின் செயல்கள். ஆட அழைக்கும் குரலுக்கு உரியவள் தாயாயினும், அக்குரலில் அவளுடைய அயர்ச்சிக்கு இடமில்லை. இதனை இவ்வகையின் குறை என்பதைவிட இயல்பு என்பதே சரி. பாட்டுடைத் தலைவர் தெய்வமாகவோ அரசராகவோ சான்றோராகவோ இருக்கும்போது பாடும் குரல் வியப்புக்கே உரியதாகிறது. ஆயின் பிள்ளைத்தமிழைத் தமிழ்த் தாய்மார் மனநிலையின் நேர்ப்பதிவாகக் கொள்ளும் ஆய்வுகள் இவ்வெல்லையைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

யசோதையின் மெலிவும் தேவகியின் புலம்பலும்

பக்தி இலக்கியத்தில் நிலைமை சற்று மாறுகிறது. பெரியாழ்வார் திருமொழியின் முதற்பதிகத்தில் திருவாய்ப்பாடியின் பிறப்புக் கொண்டாட்டம் விரிகிறது. அக்கொண்டாட்டத்தின் நடுவிலேயே, தொட்டிலில் இட்டாலும் இடுப்பில் எடுத்தாலும் அடங்காத குழந்தையால் தன் உடல் வலிவிழந்து மெலிந்ததாக யசோதை கூறும் பாசுரம் ஒன்று அமைந்துள்ளது. கண்ணனின் பேராற்றலைப் புலப்படுத்தும் பாசுரமாக அது கொள்ளப்படுதல் பொருத்தமே. எனினும் அதன் சொல்வடிவம் ஒரு தாயின் அயர்ச்சி உரை. அவ்வுரை குழந்தையை நோக்கியோ கணவனை நோக்கியோ எழவில்லை. அருகிலுள்ள மற்றொரு பெண்ணை ‘நங்காய்’ என விளித்து எழுகிறது. கேட்பதற்கு ஒரு பெண் இருந்ததால் மெலிவு சொல்லாக வெளிப்பட்டது. இவ்விளி சந்தத்தை நிரப்ப வந்த அசையன்று. கூற்றை நிகழச் செய்யும் உறுப்பு.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி தேவகி புலம்பலாகவும், எட்டாம் திருமொழி கோசலையின் தாலாட்டாகவும் அமைந்துள்ளன. புலம்பலை அடுத்துத் தாலாட்டு வைக்கப்பட்டிருக்கும் இவ்வரிசை கருதத்தக்கது. பெற்ற உடனே குழந்தையைப் பிரிந்த தேவகி, தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லை என்றும், குழந்தையின் மழலைச் செயல்களையெல்லாம் கண்டு மகிழ்ந்தவள் யசோதையே என்றும் இரங்குகிறாள். தாயர் வரிசையில் தன்னைக் கடைசியாக வைத்துத் தன்னையே பழித்துக்கொள்கிறாள். பிரிவுக்குக் காரணம் கஞ்சனின் கொடுமை. இருந்தும் பழியை அவள் தன் மீதே ஏற்றிக்கொள்கிறாள்.

தேவகியின் துயரம் மரபில் தடையின்றி இடம்பெற்றதற்குக் காரணம், அத்துயரத்திற்குப் புறத்தே காட்டக்கூடிய காரணம் ஒன்று இருந்தமையே. குழந்தை கையில் இல்லை. ஆகவே தாய் அழலாம். குழந்தை நலமாகக் கையில் இருக்கும்போது எழும் துயரத்திற்குத்தான் மரபில் துறை இல்லை. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வின் கொடுமையும் இதுவே. பால் உண்டு, பிள்ளை உண்டு, சுற்றம் உண்டு. பின் ஏன் அழுகை என்று பிறரும் கேட்கின்றனர். அவளும் தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். விடை கிடைக்காதபோது குற்றவுணர்வே மிஞ்சுகிறது.

தாலாட்டு: குழந்தை முன்னிலை, மனையோர் கேட்போர்

வாய்மொழி இலக்கியத்தில் தாலாட்டு மிகுதியாகத் தொகுக்கப்பட்டது. நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப்பாடல்கள் போன்ற தொகுப்புகள் அதன் பொருட்கூறுகளை அறியத் துணைசெய்கின்றன. பிள்ளையின்றி வருந்தியது, தவமிருந்து பெற்றது, தாய்மாமன் கொண்டுவரும் சீர், யார் அடித்து அழுகிறாய் என்னும் வினா, உறவினர் பெயர்களின் அடுக்கு ஆகியன திரும்பத் திரும்ப வருபவை. இவற்றைச் சமூகவியல் தரவுகளாக ஆய்வாளர் பலர் வகைப்படுத்தியுள்ளனர். தாலாட்டின் இசை ஒப்பாரியின் இசையை நெருங்குவது என்பதும் சுட்டப்பட்டதே.

கேட்போர் என்னும் உறுப்பைக் கொண்டு நோக்கின் தாலாட்டில் இருவகைக் கேட்போர் இருத்தல் புலனாகும். முன்னிலையாக விளிக்கப்படுவது குழந்தை. குழந்தைக்குச் சொற்பொருள் விளங்காது. பொருள் விளங்கிக் கேட்பவர்கள் தாழ்வாரத்திலும் அடுக்களையிலும் இருக்கும் மாமியாரும் நாத்தியும் கணவனும் ஆவர். அடித்தவர் யார் என்று குழந்தையைக் கேட்கும் பாவனையில் உறவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நிறுத்த முடிகிறது. தாய்மாமன் சீரைப் புகழும் பாவனையில் புகுந்த வீட்டின் குறையைக் கூற முடிகிறது. நேரில் சொல்ல இயலாததைக் குழந்தையின் தலைமேல் ஏற்றிச் சொல்லும் இம்முறை, சிறைப்புறமாகத் தலைவன் நிற்கத் தோழியிடம் சொல்லும் அகத்துறைக்கு ஒப்பானது. தாலாட்டு குழந்தையை உறங்கச் செய்வதோடு தாயைப் பேசவும் செய்கிறது.

தமிழகக் கிராமப்புறத்தில் நிகழ்த்தி 2002இல் வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வொன்று, பேற்றிற்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 விழுக்காட்டினர் எனக் கண்டது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சீர்கெடுதல், உடலுதவிக்கு ஆளின்மை ஆகியவை அதற்குத் துணைக்காரணங்களாக அவ்வாய்வில் சுட்டப்பட்டன. தாலாட்டுத் தொகுப்புகளைப் படித்தவர்க்கு இப்பட்டியல் புதிதன்று. மருத்துவ ஆய்வு வினாநிரல் கொண்டு திரட்டியவற்றுள் பலவற்றைத் தாலாட்டு தன் வழியில் முன்னரே பேசியிருக்கிறது. அதனைக் குழந்தை இலக்கியம் என ஒதுக்கியமையால் தாயின் சொல்லாகக் கேட்கும் வாய்ப்பு ஆய்வுலகில் குறைந்துபோயிற்று.

பெருந்தொற்றில் சிதைந்த களன்

மேற்கண்ட சான்றுகள் யாவும் ஆள்கள் நிறைந்த மனையைக் களனாகக் கொண்டவை. நற்றிணையில் செவிலியும் மகளிரும், பெரியாழ்வாரில் நங்கையும், தாலாட்டில் வீட்டாரும் இருக்கின்றனர். சுற்றம் சில வேளைகளில் துயரத்திற்குக் காரணமாகவும் அமைந்தது; ஆயினும் துயரம் சொல்லாவதற்குரிய களனும் அதுவே.

2020இல் சிதைந்தது இக்களனேயாகும். தலைப்பேற்றிற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் பயணத் தடையால் பலருக்கு முறிந்தது. மார்ச் இறுதியில் பயணிகள் தொடர்வண்டிகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. தில்லியிலும் மும்பையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் மகளின் பேற்றிற்குத் தாய் வந்து சேரவும், மகள் ஊர் திரும்பவும் இயலாத நிலை உண்டாயிற்று. மருத்துவமனைகளில் உடனிருப்போர்க்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. தொற்றுற்ற தாய் உரிய காப்போடு குழந்தையை உடன் வைத்துப் பாலூட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்திய பின்னரும், பிரித்து வைக்கும் நடைமுறை பல இடங்களில் தொடர்ந்தது. தேவகியின் நிலை உவமையாக அன்றி நடப்பாகவே சிலருக்கு வாய்த்தது.

இங்குத் தனித்திருத்தல் வேறு, காக்கப்படுதல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் பொருள்படும் சிறுகதையில், குழந்தை பெற்ற பெண்ணொருத்திக்கு ஓய்வே மருந்து என விதிக்கப்படுகிறது. எழுதுவதும் மனம்விட்டுப் பேசுவதும் அவளுக்கு மறுக்கப்படுகின்றன. மருத்துவனாகிய கணவன் அன்புடையவனே. அவள் சொல்வதை மட்டும் அவன் கேட்பதில்லை. அவள் மனம் சிதைகிறது. நற்றிணைத் தாயும் ஓர் அறையில்தான் கிடக்கிறாள். ஆயின் அவள் கண்மூடுவதற்காக ஒரு மனையே விழித்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத் தாய்க்குக் கில்மன் காட்டிய அறை கிடைத்தது; நற்றிணை காட்டிய மனை கிடைக்கவில்லை.

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர் பயன்படுத்தும் எடின்பரோ அளவுகோல் 1987இல் உருவாக்கப்பட்டது. 10 வினாக்களைக் கொண்டது. தமிழிலும் பயன்பாட்டில் உள்ளது. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னைப் பழித்துக்கொண்டதுண்டா என்பன போன்றவற்றை அது வினவுகிறது. வினாநிரலுக்கும் கூற்று, கேட்போர், களன் உண்டு. மாமியார் அருகிலிருக்கத் தரும் விடையும் தனியே தரும் விடையும் ஒன்றாதல் அரிது. ஊரடங்கில் அனைவரும் ஒரே வீட்டிற்குள் இருக்கத் தொலைபேசி வழி நலம் வினவப்பட்ட பெண், கேட்பவர் ஒருவராகவும் உடன் கேட்டிருப்போர் பலராகவும் இருக்கும் நிலையில் விடை சொல்ல வேண்டியிருந்தது.

ஆய்வு நெறி குறித்துச் சில

பெருந்தொற்றுக்குப் பின் இப்பொருளை அணுகும் ஆய்வுகள் விலக்க வேண்டிய பிழைகள் இரண்டு. பேறுகாலத் தீட்டையும் ஒதுக்கத்தையும் தொற்றுத்தடுப்பு அறிவாகக் காட்டிப் பெருமை கொள்ளுதல் ஒன்று. தீட்டுக் கருத்தில் பெண்ணுடலை இழிவாகக் கொள்ளும் எண்ணமும் கலந்துள்ளது. காப்பும் ஒதுக்கமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைப் பாராட்டி மற்றதை மறைத்தல் ஆய்வாகாது. நற்றிணை 40இல் பாராட்டத்தக்கது ஒதுக்கமன்று, உடனிருப்பு.

தேவகிக்கோ தாலாட்டுப் பாடும் பெண்ணுக்கோ மருத்துவப் பெயரிட்டு நோயாளியாக்குதல் மற்றொன்று. நோய்க்குறிகளைப் பட்டியலிட்டு அவற்றிற்குப் பாடலடிகளை ஈடாக வைக்கும் கட்டுரை மருத்துவத்திற்கும் பயன்படாது, இலக்கியத்திற்கும் பயன்படாது. இலக்கியம் காட்டுவது நோயை அன்று. துயரம் எந்த வடிவில் சொல்லாக அனுமதிக்கப்பட்டது என்பதையே அது காட்டுகிறது.

தாய்மையைத் தியாகமாகவே போற்றும் திறனாய்வு வழக்கும் மறுபரிசீலனைக்கு உரியது. ஈன்று புறந்தருதல் கடமை எனக் கூறும் புறப்பாடலை வகுப்பறையில் விளக்கும்போது, அக்கடமையை ஆற்றும் உடலின் நிலையை விளக்க நற்றிணைப் பாடலையும் உடன் வைத்துக் கற்பித்தல் இயலும். பாடத்திட்டத்தில் முன்னதற்குள்ள இடம் பின்னதற்கும் வாய்க்குமாயின் மாணவர் பெறும் தாய்மைக் கருத்து நிறைவுடையதாகும்.

முடிவுரை

புனிற்றுக் காலத்திற்குத் தனிச்சொல்லும் தனிக்காப்பும் தந்த தமிழ் மரபு, அக்காலத் தாய்க்குத் தனிக்கூற்றினைத் தரவில்லை. அவளைப் பற்றிப் பரத்தையும் செவிலியும் பேசினர். தலைவன் கூற்றில் அவள் சுட்டப்பட்டாள். பிள்ளைத்தமிழ் அவளது துயர வாரங்கள் கடந்த பின்னர்த் தொடங்கியது. குழந்தையைப் பிரிந்தபோது தேவகியாகவும், கேட்கப் பெண் இருந்தபோது யசோதையாகவும், வீட்டார் செவிப்பட வேண்டியபோது தாலாட்டாகவும் அவள் பேசினாள். இம்மூன்று இடங்களிலும் கேட்போரே கூற்றை நிகழச் செய்தனர்.

கேட்போர் அகன்றபோது என்ன நேரும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. ஊரடங்கு நீங்கியது, 2023 மே மாதத்தில் உலகளாவிய நெருக்கடிநிலையும் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயின் சிறுகுடும்பமும் பணிக்காகப் புலம்பெயர்தலும் கேட்போரை முன்னரே குறைத்து வந்துள்ளன. அக்குறை ஊரடங்கோடு நீங்குவதன்று. அக்காலத்தில் குழந்தை பெற்ற பெண்கள் தம் பேறுகாலத்தைத் தாமே கூறக் கேட்டுப் பதிவு செய்தல் வாய்மொழி வழக்காற்று ஆய்வின் உடனடிப் பணியாகும். நினைவு மங்குமுன் அது நிகழ வேண்டும். பதிவு செய்வோர் முதலில் உறுதி செய்ய வேண்டுவது வினாநிரலை அன்று. அப்பெண் அச்சமின்றிப் பேசத்தக்க களனையும், இடைமறியாது கேட்கும் செவியையுமே. தற்காலப் புனைகதையிலும் பெண் கவிதையிலும் இக்கூற்றுப் பெற்றுள்ள வடிவங்கள் தனி ஆய்வுக்கு உரியன.